இரண்டு குரல் கேட்டால் எதைக் கேட்பது?

"பெரியவங்க சொன்னா கேட்கணும்." சமய வகுப்பில் நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த வார்த்தை. சரி, இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எதிரெதிராகச் சொன்னால்? பொறியியல் பாடத்துக்காகப் படித்த ஒரு விபத்து என்னை இந்தக் கேள்வியில் நிறுத்திவிட்டது.

2002 ஜூலை 1 இரவு. ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, 36,000 அடி உயரத்தில், ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் நெருங்கின. சூரிச்சிலிருந்த கட்டுப்பாட்டாளர் ஒற்றை ஆளாக இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆபத்தைத் தாமதமாகக் கண்டு, ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். சில வினாடிகளில் விமானத்தில் இருந்த டிகாஸ் கருவி ஏறச் சொன்னது. துணை விமானி அதைச் சொல்லியும், விமானம் தரையிலிருந்து வந்த குரலுக்கே இறங்கியது. சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இரண்டு டிகாஸ் கருவிகளும் தங்களுக்குள் பேசித்தான், நீ ஏறு, நான் இறங்குகிறேன் என்று முடிவு செய்கின்றன. அது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. ஆக, கருவியைக் கேட்பது என்பது எதிரே வரும் முகம் தெரியாதவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. அன்று விதிகளே தெளிவாக இல்லை. கட்டுப்பாட்டாளர் என்ன சொன்னாலும் கருவியைத்தான் கேட்க வேண்டும் என்பதை உலக விமான அமைப்பு பிறகுதான் தெளிவாக்கியது.

ஒரு இரவு, குடித்திருந்த அண்ணன் ஒருவர், "ஏறுடா, நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார். வேண்டாம்னு மனசு சொன்னது. பெரியவராச்சே என்று ஏறிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அது என் விவேகம் இல்லை, அதிர்ஷ்டம். அன்று எதிரே வந்த வண்டிகளில் இருந்தவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவர்கள் உயிருக்கும் நான் பொறுப்புத்தானே?

அர்ஜுனன் தன் சந்தேகங்களை எல்லாம் போர் தொடங்குவதற்கு முன்பே கேட்டுத் தீர்த்துக்கொண்டான். அம்பு பறக்க ஆரம்பித்த பிறகு அவ்வளவு கேட்க நேரம் ஏது? யூபர்லிங்கனில் கருவி பேசியதிலிருந்து மோதும் வரை ஒரு நிமிடம்கூட இல்லை.

பெரியவர்களை மதிக்கிறேன். ஆனால் எந்த இடத்தில் "வேண்டாம் அண்ணே" என்று சொல்வது என்பதை இப்போதே, அமைதியாக இருக்கும்போதே, முடிவு செய்து வைத்துவிட்டேன். நீங்கள்?