பசியும் ஒரு கட்டாயமே

தனக்குரிய வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையாகிய தெரிவுச் சுதந்திரம், தடுப்பவர் விலகியதும் தானே கிடைத்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். கல்வராயன் மலையில் ஜாகிர்தார் முறை, அதாவது பரம்பரைத் தலைவர்கள் நிலத்தையும் குடிகளையும் ஆண்டுவந்த முறை, 1976இல் முடிவுற்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அவ்வாண்டிற்கு உரியதே. ஆயினும், மலையில் வேலை கிடைக்காத ஒரு பழங்குடிக் குடும்பம் முன்பணத்திற்குக் கட்டுண்டு வெளியூர்க் கூலிக்குச் செல்லுமானால், அதனை அக்குடும்பத்தின் விருப்பம் என்பது எவ்வாறு பொருந்தும்? வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகப் பெற்று உழைப்பது, அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. வறுமையும் ஒருவரைப் பணியவைக்கும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட பெருந்தீர்ப்பு அது. ஆகவே, பள்ளியும் சாலையும் உரிய கூலியும் அம்மலைக்குச் சலுகைகள் அல்ல. அங்குள்ளோரின் சுதந்திரத்திற்கு அரசு செலுத்தவேண்டிய கடன்.