அருவருப்பும் தாகமும்



சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஒரு செம்பில் ஊற்றிக் கொடுத்தால் குடிப்பீர்களா? கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பீர்கள். "சாமியாருக்கு இந்த வாரம் வேறு பேச்சே அகப்படவில்லையா?" என்றும் சிலர் கேட்பீர்கள். ஆனால் மழை பொய்க்கும் வருஷங்களில் கண்மாய் வெடித்துக் கிடப்பதையும், தாய்மார்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்பதையும் கண்டவர்கள் நாம். ஆகையால் கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள்.

ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் தலைநகரமாகிய விண்ட்ஹோக், நம் சீமையைவிட வறண்ட ஊர். அங்கே 1968-ம் வருஷம் முதல் நகரத்தின் கழிவு நீரைப் பல படிகளில் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்த்து வழங்குகிறார்கள். நம் பக்கத்தார் பலர் பிழைக்கப் போன சிங்கப்பூரிலும் 2003 முதல் இம்முறை உண்டு. நுண்ணிய வடிகட்டி, பிறகு நம் வீட்டு ஆர்.ஓ. எந்திரத்தில் உள்ளதைப் போன்ற சவ்வு, கடைசியில் கிருமிகளைக் கொல்லும் புற ஊதாக் கதிர் என்று மூன்று வாசல்களைக் கடந்தே அந்தத் தண்ணீர் வெளியே வருகிறது. அதில் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மழையில்லாக் காலத்தில் ஒரு பங்கை நீர்த்தேக்கங்களில் கலக்கிறார்கள். நம் சென்னையிலும், கடும் பஞ்சம் கண்ட அதே 2019-ல், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. அந்தத் தண்ணீர் ஆலைகளுக்கே போகிறது. ஆயினும் ஆலை குடிக்காமல் விட்ட நல்ல தண்ணீர் மனுஷருக்கு மிஞ்சுகிறதல்லவா?

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டதில்லை. ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்னும் ஊரார், வறட்சியில் வாடிய 2006-ம் வருஷத்திலேயே, நூற்றுக்கு 60 பேருக்கு மேல் வேண்டாமென்று வாக்களித்தார்கள். தண்ணீர் கெட்டதென்று எவரும் நிரூபித்ததில்லை. அது வந்த வழியை அவர்கள் மனம் மறக்கவில்லை.

அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். மதுரைப் பட்டணத்தின் சாக்கடை வைகையில் கலக்கிறது. அந்த வைகைதான் திருப்புவனம், மானாமதுரை வழியாக நம் ஜில்லாவுக்குள் வருகிறது. மலக்குழிக்குப் பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு போட்ட வீடுகள் எத்தனை! சோதித்துச் சுத்தம் செய்ததை அருவருக்கிறோம். சோதியாததைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறோம். அருவருப்பு எப்போதும் நல்ல வழிகாட்டி அன்று.

அர்ச்சியசிஷ்ட இராயப்பரும் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. யோப்பா பட்டணத்தில் அவர் கண்ட தரிசனத்தில் வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்கியது. அதிலிருந்தவற்றைத் தீட்டென்று சொல்லி உண்ண மறுத்தார். சர்வேசுரன் அவரைத் திருத்தினார். உடனே வாசலில் வந்து நின்றவர்கள் யார்? அவர் இதுவரை ஒதுக்கி வந்த புறஜாதியாரின் ஆட்கள்! பேச்சு உணவில் தொடங்கி மனுஷரில் முடிந்தது. நம் பேச்சும் அங்கேதான் போகிறது.

நம் முன்னோர் குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஓர் ஊருணி என்று பிரித்துக் காத்தது புத்தியுள்ள காரியம். ஆனால் பல ஊர்களில் அந்த ஊருணிப் படியில் சில ஜனங்களின் கால் படக்கூடாதென்று தடுத்தது பாவம். தண்ணீரின் பூர்வீகத்தைக் கேட்கிற நாக்கு, மனுஷனின் பூர்வீகத்தையும் கேட்கிறது. நம் ஆண்டவரோ யாக்கோபின் கிணற்றண்டையில், யூதர்கள் தீண்டாத சமாரிய ஸ்திரீயிடமே தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்.

நம் கழிவைச் சுமப்பவர்களை எண்ணிப் பாருங்கள். மனிதர் கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடையில் இறங்குவதையும் 2013-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லை. நாம் கூலி பேசி ஒருவனைக் குழிக்குள் இறக்கினால், ஆபத்து அவனுக்கு, பாவம் நமக்கு.

ஆகையால் இந்த வாரம் வீட்டுத் தலைவர்கள் மூன்று காரியம் கவனியுங்கள். குழி நிரம்பினால் எந்திர வண்டியை அழையுங்கள், ஆளை இறக்காதீர்கள். எண்ணெய், மருந்து, பிளாஸ்டிக் எதையும் சாக்கடையில் தள்ளாதீர்கள். நாம் அழுக்காக்கியதை எவனோ ஒருவன் சுத்தமாக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். ஆனால் சாக்கடை நீரைக் குடிநீராக்குவது ஓயாமல் சோதிக்க வேண்டிய பெரிய வேலை. அதை வீட்டில் எவரும் முயல வேண்டாம்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு எழுந்த நம்மைச் சர்வேசுரன் பழைய அழுக்கின் பெயரால் அழைப்பதில்லை. கழுவப்பட்ட ஆத்துமம் கழுவப்பட்டதே. அந்த இரக்கத்தில் வாழ்கிற நாம், எந்த மனுஷனிடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க இன்னும் கூசுகிறோம்? அவரவர் மனச்சாட்சி பதில் சொல்லட்டும். ஆமென்.