ஒளிப்படம் எவ்வளவையின்பாற்படும்?

தை மாசித் திங்கள்களின் முன்னிரவிற் சங்கரன்கோயிலிலிருந்து தெற்கே நோக்குவார் அகத்திய மீனைக் காண்பர். அதற்குக் கிழக்கே, வெறுவெளிபோற் கிடக்கும் இடத்தில், ஏறத்தாழ 36 பாகை அகன்ற நீரக முகிலொன்று பரந்துளது. முழுமதிகள் எழுபதை நிரைத்தாலன்றி அதன் குறுக்களவு நிரம்பாது. ஆஸ்திரேலிய வானூலார் காலின் கம் என்பார் ஒளிப்படத்தாற் கண்டு 1955-இல் வெளியிட்டமையின் அது கம் நெபுலா எனப்படும்.

இத்துணைப் பெரியது கண்ணுக்குப் புலனாகாமை என்னை? சேய்மையே ஏதுவென்பார் உளர். அது பொருந்தாது, பரந்த பொருளின் மங்கல் அணுகினும் தீராது, தொலைநோக்கியாலும் தீராது. 656 நானோமீட்டர் அலைநீளமுடைய அதன் செவ்வொளியை இருளிற் றொழிற்படும் விழிக்கூறு பற்றமாட்டாது.

படமெடுப்போர் அவ்வொளியை மட்டும் விடும் வடிகண்ணாடியை இட்டுப் பல மணிநேரம் ஒளிதிரட்டிக் கணிப்பொறியாற் கூட்டிப் பெருக்குவர். அப்படத்திற் கண் காண்பது படத்தையே, முகிலை அன்று. ஆகலின் அதனை வாயிற்காட்சி என்றல் கூடாது. புகைகண்டு நெருப்புணர்தல்போலக் கருதலளவையே என்பது எம் துணிபு. புனைந்ததென்று இகழ்தலும் தகாது. ஒளி அங்குநின்றே வந்ததன்றோ?

ஆயின் ஏது பழுதற்றதாதல் வேண்டும். எங்கும் ஒருபடித்தாகப் பெருக்கின் ஒளியின் ஏற்றத்தாழ்வு முறை பிறழாது, அது குற்றமன்று. இல்லாத இழையைத் தூரிகையாற் சேர்ப்பாரோ, பனியைப் புகையென்று காட்டுவாரை ஒப்பர். நிறம் மாற்றி ஊட்டுவோர் இன்ன வளிக்கு இன்ன நிறமென்று படத்தின்கீழ்க் குறித்தல் கடன்.

நம்மவருட் சிலர் இம்முகிலை இறைவனுக்கு உவமையாக்கிப் பேசுகின்றனர். கருவியாற் சுட்டியறியப்படும் சடத்தைச் சுட்டிறந்த பொருளுக்கு எங்ஙனம் ஒப்பாக்குவது?