அவிழாத சுருள்

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. தரையில் ஒரு தேங்காய்நார்க் கயிறு.

ஒரு முனை, பிறந்த நாள். மறுமுனை சுருட்டியபடி கிடக்கிறது. அது வரப்போகும் நாட்களுக்கு.

*

நல்லது நடந்த இடத்தில் பூ. கொடியது நடந்த இடத்தில் கல்.

பெரிய கல்லை வைக்கும்போது கை தானாகவே மெதுவாகிறது.

*

கதைவழிச் சிகிச்சை இப்படித்தான் தொடங்குகிறது. ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷௌவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பர்ட் வடிவமைத்த முறை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கொடுமைகளைக் கண்டவர்களுக்காக. போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக.

கயிற்றைத் தொடுகிறேன். நார் விரலில் உறுத்துகிறது.

*

எரிந்த ரப்பர் மணம். நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது.

எந்த ஊர், எந்த வருடம், அதற்கு முந்தைய நாள் என்ன. அவை கூடவே வருவதில்லை. நாள் இல்லாத நினைவு இன்றைக்கே நடந்துகொண்டிருக்கிறது.

*

ஆகவே சின்னச் சின்னக் கேள்விகள்.

அன்று வெயிலா? காலில் செருப்பு இருந்ததா? பயம் உடம்பில் எங்கே தெரிந்தது?

இப்போது எங்கே தெரிகிறது?

*

பயம் ஏறுகிறது. ஏறிய நிலையில் எழுந்து போக விடுவதில்லை. அது இறங்கும் வரை எதிரே ஒருவர் இருக்கிறார். ஒன்றரை மணி நேரம். சில நாள் அதற்கும் மேல்.

அதிகாரியிடம் சொன்ன கதை. நிருபரிடம் சொன்ன கதை. பலமுறை கேட்கப்பட்டு, ஒருமுறைகூட இறங்கி முடியாத கதை. அந்தச் சொல்லல் வேறு. இதில் எனக்கு ஐயம் இல்லை.

*

கேட்பவர் எழுதிக்கொள்கிறார். அடுத்த முறை வாசித்துக் காட்டுகிறார்.

இல்லை, அது காலையில்.

ஒரு சொல் அடிக்கப்படுகிறது. கடைசி நாள், பிறப்பிலிருந்து எல்லாம் வாசிக்கப்படுகிறது. கையெழுத்து. தாள்கள் சொன்னவரிடமே போகின்றன.

*

மனவடு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நோயாளிகளைப் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்தோடு சேர்ந்து நினைவுக்கு வரும் சொல்.

மருத்துவரின் முன் அமர்ந்தவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது என்கிறார். பெருமூச்சு வருது என்கிறார். அங்கே பெருமூச்சும் ஒரு முறைப்பாடு.

என் மூச்சைக் கவனிக்கிறேன். கவனித்ததும் அது மாறிவிடுகிறது.

*

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு சில வாரங்கள். இலங்கையின் வடகிழக்குக் கரையோர முகாம்கள். 31 பிள்ளைகள். வயது 8 முதல் 14. போரைக் கண்டவர்கள். பிறகு கடலையும்.

ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் கதை சொல்கிறார்கள். மறுபாதி கண்ணை மூடி மூச்சைப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆறு அமர்வுகள். கூட இருப்பவர்கள், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள்.

ஆறு மாதம் கழிகிறது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருக்கிறது.

ஆய்வு 2009இல் வெளியாகிறது. நான் இந்த வரியிலேயே நெடுநேரம் நிற்கிறேன்.

*

கதையா.

மௌனமா.

ஒருவர் ஆறு முறை தவறாமல் வந்து உட்கார்ந்ததா.

நாட்கள் போனதுதானா. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு அங்கே இல்லை. அந்த வாரங்களில் எந்தப் பிள்ளையை அப்படி விட்டுவைப்பது.

*

சொன்ன பிள்ளைகள் இரவில் எதைக் கேட்டார்கள். சொல்லாத பிள்ளைகள் எதைக் கேட்டார்கள். கடல் இரண்டு பேருக்கும் ஒரே தூரம்.

*

கிணற்றடியிலிருந்து எடுத்து வந்த கல் ஒன்று மிச்சம். உள்ளங்கையில் குளிர்கிறது. என் கயிற்றில் அதன் இடம் எனக்குத் தெரியும்.

வைக்கிறேன். எடுக்கிறேன்.

வைத்த இடத்தில் சிறிது ஈரம்.

*

மூச்சு உள்ளே.

மூச்சு வெளியே.

தெருவில் யாரோ வாசல் பெருக்குகிறார்கள்.

*

ஜன்னலில் வெளிச்சம். பூக்கள் வாடத் தொடங்குகின்றன. சுருட்டி வைத்த முனை தானாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

கல் இன்னும் கையில்.