போதும் என்று சொல்வது யார்?

கணினி மவுஸில் எத்தனை பட்டன் இருக்க வேண்டும் என்பது ஆண் பொறியாளர்களின் பழைய சண்டை. அதில் நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கு அது நம் வீட்டுச் சண்டையாகவே படுகிறது.

மவுஸை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட் 1968இல் சான்பிரான்சிஸ்கோவில் அதை உலகுக்குக் காட்டியபோது மூன்று பட்டன்கள் இருந்தன. பழகினால் மனிதருக்கு எதுவும் கைவரும் என்பது அவர் கட்சி. மூன்று சக்கர சைக்கிள் சுலபம்தான், அதற்காக ஆயுள் முழுக்க அதையே ஓட்டுவோமா என்பது அவர் வாதம். ஆப்பிள் நிறுவனம் 1983இல் தன் லிசா கணினிக்கு ஒரே பட்டன் வைத்தது. புதிதாக வருகிறவர் எதை அமுக்குவதென்று தயங்கக் கூடாது என்று லாரி டெஸ்லர் போன்றவர்கள் வாதாடினார்கள். அதில் அக்கறை இருந்தது, மறுக்க மாட்டேன்.

ஆனால் பட்டன் குறைந்ததே தவிர வேலை குறையவில்லை. இருந்த ஒன்றை இரண்டு முறை சட்டென்று தட்ட வேண்டியதாயிற்று. அவலூர்பேட்டையில் பெண்களுக்குக் கணினி சொல்லித்தருகிறேன். 50 வயது அக்காக்களுக்கு வலது பட்டன் சீக்கிரம் பிடிபடுகிறது. அந்த டபுள் கிளிக்தான் படுத்துகிறது. பின்னாளில் ஆப்பிள், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் மற்ற வசதிகள் வரும்படி வைத்தது. தெரிந்தவருக்கு வழி இருந்தது. தெரியாதவருக்கு அப்படியொரு வழி இருப்பதே தெரியவில்லை.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். "போன் வந்தா பச்சையை அமுக்கு, மத்ததைத் தொடாதே" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். 2023 முதல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில்தான் விழுகிறது. ஏடிஎம் ரகசிய எண் எத்தனை வீடுகளில் மகனுக்கோ கணவனுக்கோ மட்டும் தெரியும்! அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் வாங்கிக்கொள்கிறார்கள். சிரமத்தோடு சேர்ந்து அவள் பணமும் கைமாறிவிடுகிறது.

பெண்ணால் முடியாது என்பதும் உண்மையில்லை. 40க்கு மேற்பட்ட விசைகளைப் பார்க்காமலே அடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அடுத்தவர் எழுதிய கடிதத்தைத் தட்டச்சு செய்ய அத்தனை விசையும் பழகலாமாம். தன் காரியத்துக்கு மட்டும் ஒரு பட்டன் போதுமாம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் கூட்டங்கூட்டமாக சைக்கிள் கற்றார்கள். ஆண்கள் சைக்கிளையே விரும்பிய பெண்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். காரணம், அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். பெண்ணுக்கு வசதி என்று லேடீஸ் சைக்கிளில் எடுத்துவிட்ட கம்பி அது. அவளிடம் கேட்டிருந்தால் இருக்கட்டும் என்றிருப்பாள்.

எளிய கருவிக்கு நான் எதிரியல்ல. ஒரு பட்டனோடு தொடங்கலாம், அதோடு நின்றுவிடவும் செய்யலாம். அதை அவள் முடிவு செய்ய வேண்டும். அதற்கு, இன்னும் என்னென்ன இருக்கின்றன என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும்.