உளநோயும் வினைக்கொள்கையும்

சூரனோடு பொருத சினமும், வள்ளிநாச்சியார் பொருட்டு வேடரோடு மலைந்த சினமும் தணிந்து முருகப்பெருமான் வீற்றிருந்த இடமாதலின் திருத்தணிகைக்கு அப்பெயர் வந்ததென்பர். அம்மலையின் 365 படிகளையும் ஆடிக் கிருத்திகையிற் காவடி சுமந்து ஏறும் பெற்றோருள், உணவும் உறக்கமும் நீங்கி எவரோடும் பேசாதிருக்கும் மகனையோ மகளையோ உடன் அழைத்து வருவாரும் உளர். அவர்க்கு உற்றார் கூறும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றே: "எல்லாம் முன்வினை, அநுபவித்தே தீரவேண்டும்." இச்சொல் நம் சமயத்தின் பெயராற் கூறப்படுதலின், இது சித்தாந்தந்தானா என ஆராய்தல் நமது கடனாகின்றது.

முதற்கண், நோயுறுவது எது? மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கினையும் நம் நூல்கள் ஆன்மாவின் வேறாக வைத்து, மாயையினின்று தோன்றிய சடப்பொருள்கள் என்று கூறும். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் ஆன்மாவை அரசனாகவும் கரணங்களை அமைச்சராகவும் உவமிக்கின்றது. கண்ணும் செவியும் போல மனமும் உயிர்க்கு வாய்த்த கருவியேயாயின், கண்ணிற் படலம் படர்ந்தவனை மருத்துவரிடம் அனுப்பும் நாம், மனஞ் சோர்ந்தவனை மட்டும் உறுதியில்லாதவன் என்று இகழ்தல் யாங்ஙனம் பொருந்தும்? அமைச்சன் நோயுற்றுக் கிடப்பின் அரசனைக் கீழ்மகன் என்பார் உளரோ? மூளையில் நிகழும் மாறுதல்கள் உள்ளத்தைத் தாக்கும் என்று இக்கால மருத்துவ நூலார் கூறுவது கேட்டுச் சைவர் அஞ்சவேண்டுவதில்லை. மனமே ஆன்மா என்று கொள்வார்க்கன்றோ அவ்வச்சம்!

அற்றேல், நோய் வினைப்பயனாயின் மருந்து கொண்டு அதனைத் தடுத்தல் முறையாமோ எனின், பசியும் வினைப்பயனே. ஆயினும் தணிகைத் திருக்கோயிலில் அன்னதானம் நடைபெறுகின்றது. உண்ண வருவாரை எவரும் வினை வினவுவதில்லை. திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில், அஃதாவது இந்நாளைத் திருச்செங்கோட்டில், எழுந்தருளியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அதுபற்றி அவர் அருளிய திருநீலகண்டப் பதிகத்தின் முதற்பாட்டின் கருத்தை நம்மவர் பலர் மறந்தனர் போலும். இன்ன வினைக்கு இன்ன பயன் என்று அறிந்து பேசுவீராயினும், உய்யும் வழியை நாடாதிருத்தல் உமக்கே ஊனமாகும் என்பது அக்கருத்து. பிள்ளையார் வினையை மறுத்திலர். அதனைச் சொல்லிக் கைகட்டி இருத்தலையே கடிந்தனர்.

அங்கே சுரந்தீர்த்தது இறைவன் திருவருளேயன்றி மருத்துவர் அல்லரே எனின், புள்ளிருக்குவேளூரிற் பெருமானை வைத்தியநாதன் என்று வழிபடுவார் இவ்வினாவை எழுப்புதல் தகாது. வினை உயிரை வந்து பொருந்துதற்கு உடலும் உலகமும் வாயிலாவது போலத் திருவருள் வந்து உதவுதற்கும் மருந்தும் மருத்துவரும் வாயிலாதல் கூடும். அன்றியும், வினையென்னும் சொல்லை ஒருவன் தன் துன்பத்தின்மேல் வைத்து எண்ணின் அது பணிவாம். பிறன் துன்பத்தின்மேல் வைத்துக் கூறின் அது கொடுமையாம்.

இத்துன்பம் சிறுபான்மையோர்க்கே உரியதன்று. 10 முதல் 19 வரை அகவையுடையாருள் எழுவருள் ஒருவர் உளநோயுடையர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகின்றது. 2021 ஆம் ஆண்டின் கணக்குப்படி, 15 முதல் 29 வரை அகவையினரின் இறப்புக்குத் தற்கொலை மூன்றாவது காரணமாயிருந்தது. குடிவழி, வறுமை, வீட்டிற் குடியும் அடியும், காதல் முறிவு, இரவெல்லாம் கைப்பேசியில் விழித்திருத்தல் எனக் காரணங்கள் பலவாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும், அதன்மேல் மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வும் பிள்ளைகளின் தலையில் ஏற்றிய பாரம் தமிழ்நாட்டார் அறிந்ததே. விசைத்தறி ஓட்டிப் படிக்கவைத்த தந்தையின் முகத்தை எண்ணியே வாய் திறவாத மாணாக்கனுக்கு, தோல்வியினும் அம்முகமே பெரிய அச்சம்.

வழிபாட்டை மட்டும் நம்பி மருத்துவத்தை விலக்கியதன் விளைவை 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் நாடு கண்டது. தருக்காவை நாடி வந்த நோயாளர் தங்கியிருந்த காப்பகத்தில் தீப்பற்ற, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடவியலாது மாண்டனர். எச்சமயத்தார்க்கும் இது பாடமே. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுதலை அறவே விலக்கியது. தற்கொலைக்கு முயன்றாரைக் கடும் மனவழுத்தத்திற்கு உட்பட்டவராகவே கருதவேண்டுமென்றும் கூறிற்று. சட்டம் இரங்கிய அளவேனும் சைவர் இரங்கவேண்டாவோ? கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரையே வசையாக வழங்குவாரும் நம்முள் உளரே.

தணிகையிற் சந்தனத்தை நீரிற் கரைத்து நோய்தீர உண்ணும் வழக்கம் உண்டு. அதனை நாம் விலக்குவேமல்லேம். ஆயின், சந்தனம் உண்டபின் மருத்துவர் தந்த மாத்திரை வேண்டா என்று விடுதல் தீது. மனச்சோர்வுக்குரிய மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும். குணங் கண்டவுடன் தாமே நிறுத்தின் நோய் மீளுதலும் உண்டு. மருந்தினும் முன்னே வேண்டுவது இடைமறியாது கேட்கும் ஒரு செவி. மனநல மருத்துவத்தைத் தொலைபேசிவாயிலாக நாடுதற்கு 14416 என்னும் எண்ணை நடுவணரசு 2022 அக்டோபரில் ஏற்படுத்தியுள்ளது, கட்டணமில்லை. 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த இவ்வட்டாரத்தில் இன்றும் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் பலர். அவ்விரு மொழியிலும் அங்கே பேசலாம்.