கட்டணம் கட்டிச் செய்யும் தொண்டு

பவளத்திட்டுகளைக் கணக்கெடுக்க ஆள் தேடும் அமைப்புகள் பல, தொண்டு செய்ய வருபவரிடமே கட்டணம் வாங்குகின்றன. 1971இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கிய எர்த்வாட்ச், ஆய்வாளர்களின் களப்பணிக்கு ஆளையும் பணத்தையும் ஒருசேரத் திரட்ட இந்த வழியைக் கையாண்டது. 1986இல் பிரிட்டனில் தோன்றிய கோரல் கே கன்சர்வேஷன் அதே முறையைப் பவளத்திட்டுகளுக்குக் கொண்டுபோனது. 2003இல் தொடங்கிய புளூ வென்ச்சர்ஸ் மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் அண்டவடோகா என்னும் மீனவ ஊரில் முகாம் அமைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்கி டைவிங் பழகினார்கள். மீனையும் பவளத்தையும் இனம் பிரித்துச் சொல்லும் தேர்வில் தேறினார்கள். பிறகு திட்டின்மேல் அளவுநாடா விரித்து மீன்களை எண்ணினார்கள். படகும் கம்ப்ரசரும் சம்பளமும் அவர்கள் கட்டிய பணத்தைப் பெரிதும் நம்பியிருந்தன.

காசு கட்டிச் செய்வது தொண்டாகுமா என்பது இங்கே எழும் கேள்வி. கட்டியவர் திரும்பப் பெறுவது கொஞ்சமல்ல: நீலக்கடல், டைவிங் சான்றிதழ், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதிக்கொள்ள ஒரு தகுதி, நல்லது செய்தோம் என்ற நிறைவு. புறநானூற்றில் புலவர் முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும்போது, இங்கே கொடுத்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் அவன் என்று புகழ்கிறார். அத்தகைய வணிகர்கள் அன்றே இருந்தார்கள் என்பதும் அந்தப் புகழிலிருந்தே தெரிகிறது. மறுமைக்காகக் கொடுப்பதே வணிகம் என்றால், ஆறே வாரத்தில் கைக்கு வந்துசேரும் பயனுக்காகக் கொடுப்பதை வேறெப்படிச் சொல்வது?

தத்துவவாதி காண்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் இதைவிடக் கடுமையாக நிற்கிறார். பிறர் மகிழக் கண்டு தானும் மகிழ்வதால் உதவுகிறவனின் செயல் பாராட்டுக்கு உரியது. ஆனால் கடமை உணர்விலிருந்து பிறக்காததால் அதற்கு உண்மையான அறமதிப்பு இல்லை என்பது அவர் வாதம். பௌத்தம் வேறு திசையில் போகிறது. அங்குத்தர நிகாயத்திலுள்ள தான சூத்திரம், கொடுக்குமுன் மகிழ்வும், கொடுக்கும்போது மனத்தெளிவும், கொடுத்தபின் நிறைவும் கொடுப்பவரிடம் இருக்க வேண்டிய மூன்று அங்கங்கள் என்கிறது. அங்கே மகிழ்ச்சி கொடையைக் கறைப்படுத்துவதில்லை. கடல் விஷயத்தில் பௌத்தர் சொல்வதே பொருந்துகிறது. நீருக்கடியில் இருக்கப் பிடிக்காமல் கடமைக்காக மூழ்குகிறவருக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி மீனின் கோட்டுக்கும் இன்னொன்றின் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் தங்காது. அந்த வேலைக்குத் தேவையான கவனம் ஆசையிலிருந்துதான் வருகிறது.

ஆகவே சிக்கல் மகிழ்ச்சியில் இல்லை. எது கொடை, எது விலைகொடுத்து வாங்கியது என்பதை இடம் மாற்றிப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. கட்டணத்தைப் பயணச்செலவு என்றும், கடலுக்கடியில் செய்த உழைப்பைக் கொடை என்றும் வந்தவர் நினைக்கிறார். பெரும்பாலும் உண்மை தலைகீழானது. புதிதாக டைவிங் கற்றவர் முதல் சில வாரங்கள் மாணவர்தான். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர், நீருக்கடியில் காவலாக இன்னொருவர், எழுதிவந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க மற்றொருவர் வேண்டும். அந்த வாரங்களில் அவர் வாங்கிக்கொள்வது கல்வி. ஊருக்கு அவர் கொடுத்தது பணம். அதைப் பணம் என்றே சொல்லிக் கொடுப்பதில் குறைவேதும் இல்லை. ஒரு குருகுலத்தைத் தாங்கிய மாணவனுக்குரிய கண்ணியம் அதில் உண்டு.

அண்டவடோகாவில் உண்மையில் திருப்பம் தந்தது அளவுநாடாவும் அல்ல. அங்குள்ள வெஸோ மக்கள், குறிப்பாகப் பெண்கள், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும்போது திட்டின்மேல் நடந்து, பொந்துகளில் பதுங்கும் ஆக்டோபஸை, அதாவது பேய்க்கணவாயை, ஈட்டியால் குத்திப் பிடிப்பார்கள். அது மிக விரைவாக வளர்ந்து, ஓராண்டு ஒன்றரை ஆண்டில் மடியும் உயிர். 2004இல் ஒரு திட்டை, அங்கே பேய்க்கணவாய் பிடிக்காமல், ஏழு மாதம் மூடிவைத்தார்கள். திறந்தபோது கிடைத்தவை கண்ணுக்குத் தெரியும்படி பெருத்திருந்தன. பக்கத்து ஊர்களும் அதையே செய்ய முன்வந்தன. 2006இல் வெலோன்ட்ரியாக்கே என்ற பெயரில் ஊர்களின் கடற்பகுதிக் கூட்டமைப்பு உருவானது. கடலோடு வாழ்தல் என்பது அச்சொல்லின் பொருள். மூடிய திட்டைக் காப்பது தினா என்னும் ஊர்க்கட்டுப்பாடு, மீறினால் அபராதம். காத்திருந்த பசியும் விட்டுக்கொடுத்த வேட்டையும் அந்த மக்களுடையவை. கொடை என்ற சொல் முதலில் அவர்களுக்கே உரியது.

இன்னொரு கணக்கையும் விட்டுவிட முடியாது. லண்டனிலிருந்து மடகாஸ்கர் சுமார் 9,000 கிலோமீட்டர். விமானத்தில்தான் போக வேண்டும், அதன் புகையும் கடலைச் சூடாக்குவதில் சேர்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் கடல் சுட்டாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுக்கிறது. 1998இல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி அப்படிப் பெரும் சேதம் கண்டது. ஒரு பயணியின் புகை அந்தச் சூட்டில் அளக்க முடியாத துளி என்பது உண்மை. அவர் எண்ணிய மீன்களின் பங்கும் காப்பில் அதே அளவு துளிதான். ஒரு துளியைப் புண்ணியமாக ஏற்று மறு துளியை ஒன்றுமில்லை எனத் தள்ளுவது நேர்மையாகாது.

கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்த இவான் இல்லிச் 1968இல், கோடைத் தொண்டுக்கு மெக்சிகோ செல்லவிருந்த அமெரிக்க இளைஞர்களிடம் பேசினார். பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். மறுத்துப் பேசக்கூட வழியில்லாதவர்மேல் சுமத்தப்படும் உதவி அவமதிப்பு என்பது அவர் கருத்து. கட்டணத் தொண்டு இந்தக் குற்றச்சாட்டுக்கு ஓரளவே தப்பும்: எந்தத் திட்டை, எவ்வளவு காலம் மூடுவது என்று முடிவுசெய்யவும், வேண்டாம் என்று சொல்லவும் ஊருக்கு அதிகாரம் இருக்கும் அளவுக்கு.

வெளியிலிருந்து வருபவரை மதிப்பிட வெஸோ மக்களிடமும் ஓர் அளவுகோல் உண்டு. மானிடவியலாளர் ரீட்டா அஸ்துட்டி 1995இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாகக் காட்டியிருக்கிறார். வெஸோ என்பது பிறப்பால் வருவதில்லை, செய்கையால் வருவது. நீந்தி, துடுப்புப் போட்டு, மீன் பிடிக்கப் பழகும் அயலாரும் வெஸோ ஆகிறார்கள். கடலில் பிசகியவரை, அவர் அந்த ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், உள்நாட்டு உழவரான மசிகோரோ என்று அந்த நொடிக்குச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் சரியாகச் செய்தால் மீண்டும் வெஸோ.